டில்லி பஸ்கள் டீசலை விட்ட கதை



வீட்டுக் கொல்லையில் சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்களுக்கு மீத்தேன் ஒண்ணும் புதுசு இல்லை. கலனில் கிளம்புகிற வாயுவில் பாதிக்கு மேல் அதுதான். நீலமாக எரியும், பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்காது. பூமிக்கடியிலிருந்து எடுக்கிற இயற்கை எரிவாயுவிலும் பெரும்பகுதி மீத்தேனே. அதை வைத்து ஒரு தலைநகரத்துப் பஸ்களையே ஓட்டிய சரித்திரத்தை இன்றைக்குச் சொல்கிறேன்.

1990களில் டில்லிக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சாயங்காலம் முகத்தைத் துடைத்தால் துண்டு கறுத்துப் போகும் என்பார்கள். டீசல் புகையில் உள்ள கரித்தூள் ரொம்ப நுண்ணியது. நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் 1985-லேயே சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்குப் போட்டிருந்தார். நிலத் தகராறு கேஸ் மாதிரி அதுவும் மெதுவாகத்தான் நகர்ந்தது. கடைசியில் 1998 ஜூலை 28-ஆம் தேதி உத்தரவு வந்தது. 2001 மார்ச் 31-க்குள் டில்லி நகரப் பஸ்கள் அத்தனையும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு, அதாவது சி.என்.ஜி.க்கு, மாறியாக வேண்டும் என்று.

கெடு வந்தது, வேலை முடியவில்லை. 2001 ஏப்ரலில் பஸ் கிடைக்காமல் ஜனங்கள் தவித்தார்கள். காஸ் நிரப்பும் நிலையங்களும் போதவில்லை. ஆட்டோக்காரர்கள் மணிக்கணக்காக வரிசையில் கிடந்தார்கள். உர மூட்டைக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் தெரியும். உத்தரவு நியாயமானதுதான். ஆனால் நிலையங்களை முதலில் கட்டிவிட்டுக் கெடு வைத்திருந்தால் ஏழை பாழைகளின் வரும்படி போயிருக்காது என்பது என் அபிப்பிராயம். கோர்ட்டும் விடவில்லை. 2002 ஏப்ரலில், ஓடுகிற டீசல் பஸ் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம், 30 நாள் தாண்டினால் 1,000 ரூபாய் என்று தீர்ப்பாயிற்று. அந்த வருஷம் டிசம்பரில் நகரப் பஸ்கள் டீசலை விட்டு ஒழிந்தன.

இதில் என்ன லாபம் என்கிறீர்களா? மீத்தேனில் ஒரு கரி அணுவுக்கு நாலு ஹைட்ரஜன் அணு. அதனால் எரியும்போது கரித்தூள் மிகக் கொஞ்சமே வரும். கந்தகமும் அநேகமாகக் கிடையாது. டாங்கியில் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அழுத்தத்தில் அடைக்கிறார்கள். கசிந்தாலும் சமையல் காஸ் மாதிரி தரையில் தங்காது, காற்றைவிட லேசானதால் மேலே போய்விடும்.

மேலே போவதில்தான் இன்னொரு சங்கடம். எரியாமல் கசிந்த மீத்தேன், 100 வருஷக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப் போல் ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆக, குழாயிலே ஓட்டை இருந்தால் பாதி புண்ணியம் போச்சு. நைட்ரஜன் ஆக்சைடு புகையும் அடியோடு நின்றுவிடாது. டில்லியில் கரும்புகை கண்ணுக்குத் தெரியவே குறைந்தது வாஸ்தவம். ஆனால் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பெருகப் பெருகக் காற்று மறுபடி கெட்டது.

இப்போது அக்டோபர், நவம்பர் வந்தால் பழி பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் தலையிலும் விழுகிறது. நெல் அறுத்துக் கோதுமை விதைக்கச் சில வாரந்தான் இடைவெளி. அறுவடை மெஷின் விட்டுப்போன தாளை என்னதான் செய்வான் அவன்? கொளுத்துகிறான். அதற்கும் இந்த மீத்தேனிலேயே ஒரு வழி இருக்கிறது. பஞ்சாப் சங்ரூர் மாவட்டத்து லெஹ்ராகாகாவில் 2022-ல் ஒரு ஆலை திறந்தார்கள். வைக்கோலை நொதிக்க வைத்து நாளொன்றுக்கு 33 டன் வரை வாயு எடுக்கும் திறனுள்ளது. அதைச் சுத்தம் செய்து அழுத்தினால் சி.என்.ஜி. வண்டியிலேயே ஊற்றி ஓட்டலாம். மிஞ்சுகிற மக்கு, நம்ம சாணக் கலன் கழிவைப் போலவே, வயலுக்கு எருவாகிறது.