மின்மோட்டார் சட்டக எண்களின் வரலாறு

சட்டக எண் என்பது மின்மோட்டாரின் பொருத்து அளவுகளைக் குறிக்கும் எண் ஆகும். உற்பத்தி நின்றுபோன பழைய மோட்டாரின் விவரங்களைக் கண்டறிய, அதன் பெயர்ப்பலகையிலுள்ள இவ்வெண் பெரிதும் உதவுகிறது.

அமெரிக்காவில் 1926இல் தேசிய மின்பொருள் உற்பத்தியாளர் சங்கம் (நீமா) உருவானது. இதன் முறைப்படி, மூன்று இலக்கச் சட்டக எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை நான்கால் வகுத்தால், அடித்தளத்திலிருந்து அச்சின் மையம் வரையான உயரம் அங்குலத்தில் கிடைக்கும். 324 எனில் 8 அங்குலம்.

காப்புப் பொருள்களும் குளிர்விக்கும் முறைகளும் மேம்பட்டதால் மோட்டார்கள் சிறுத்தன. 1952இல் 'யு' சட்டகமும் 1964இல் 'டி' சட்டகமும் வந்தன. 1800 சுழற்சி வேகமுள்ள 10 குதிரைத்திறன் மோட்டார் 324இலிருந்து 256யு ஆகி, பின்னர் 215டி ஆனது. அச்சு உயரம் 8 அங்குலத்திலிருந்து 5.25 அங்குலமாகக் குறைந்தது.

இதனால் அதே திறனுடைய புதிய மோட்டார் பழைய பீடத்தில் அப்படியே பொருந்துவதில்லை. உயரத்தை ஈடுசெய்ய இடைத்தாங்கி தேவைப்படுகிறது. அச்சின் விட்டம் வேறுபட்டால் கப்பியையும் மாற்ற வேண்டும்.

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) முறையில் சட்டக எண்ணே மில்லிமீட்டரில் அச்சு உயரமாகும். 132 எனில் 132 மி.மீ.

பெயர்ப்பலகை அழிந்திருந்தாலும், அச்சு உயரத்தை அளந்து சட்டகத் தொடரை அறியலாம். எனினும் ஒரே உயரத்தில் பல திறன்களில் மோட்டார்கள் உள்ளதால், உயரத்தை மட்டும் கொண்டு குதிரைத்திறனை முடிவுசெய்ய இயலாது.