கண்ணாடி மாளிகையும் கொல்லைப்புறமும்

ஆண்டு மலர் என்றால் இலக்கியம், இசை, சமயம் ஆகியன பற்றிய கட்டுரைகள் இடம்பெறுதல் மரபு. யாம் இம்முறை கத்தரிக்காயைப் பற்றி எழுத முற்பட்டது கண்டு அன்பர்கள் சிலர் நகைத்தல் கூடும். எனினும் வீட்டுத் தோட்டத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் மன்னரும் உண்டு; போரும் பசியும் உண்டு; நம் சோற்றுக்கு வழி செய்யும் இருப்புப்பாதையும் உண்டு.

அரக்கோணத்திலிருந்து வடமேற்கே புறப்பட்ட சென்னை இரயில்வேயின் கிளைப்பாதை 1862-ஆம் ஆண்டில் ரேணிகுண்டாவை எட்டியது. பிழைப்பின் பொருட்டு இவ்வூருக்கு வந்து குடியேறியோருள் நம்மவரும் உளர். குவார்ட்டர்ஸ் நமதன்று, அதன் பின்புறத்து மண்ணும் நமதன்று. ஆயினும் அம்மண்ணில் முருங்கைப் போத்தை ஊன்றி, அவரைக்குப் பந்தலிட்டு, பாத்திரம் கழுவிய நீரைக் கறிவேப்பிலைக்குத் திருப்பிவிட்ட தாய்மார்களால்தான் இவ்வூர் நமக்குச் சொந்த ஊர் போலாயிற்று.

சித்திரை வைகாசியில் இங்கு வெயில் 40 டிகிரி செல்சியஸைக் கடந்து காய்கிறது. இத்தகைய ஊரில் வாழும் நமக்கு, செடியைக் காக்க நெருப்பு மூட்டும் நாடுகள் உண்டென்பது வியப்பளிக்கும். ஆனால் தோட்டக்கலை வரலாற்றின் ஒரு பெரும் பகுதி அந்நெருப்பின் வரலாறே ஆகும்.

ரோமப் பேரரசர் திபேரியஸ் நாள்தோறும் வெள்ளரியினத்துக் காயொன்றை விரும்பி உண்டாராம். அதற்காகச் சக்கரம் பூட்டிய பாத்திகளை வெயிலில் உருட்டிச் சென்று வைப்பராம். குளிர் நாட்களில் ஒளி புகும் கல் தகடுகளால் அவற்றை மூடுவராம். இதனைப் பிளினி என்னும் ரோம அறிஞர் எழுதி வைத்துள்ளார். பிற்காலத்து ஐரோப்பியத் தோட்டக்காரர் குதிரைச் சாணத்தைக் குவித்து, அது மக்கும்போது எழும் சூட்டின்மேல் மண் பரப்பி விதைத்தனர். பின்னர் அடுப்பின் புகைவழிகளைச் சுவருக்குள் செலுத்தினர். 19-ஆம் நூற்றாண்டில் கொதிகலனும் வெந்நீர்க் குழாயும் வந்தன.

இவற்றின் உச்சம் இங்கிலாந்திலுள்ள சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் 1836 முதல் 1840 வரை எழுப்பப்பட்ட பெருங்கண்ணாடிக் கூடம். டெவன்ஷயர் கோமகனுக்காக அதனை அமைத்தவர் அவருடைய தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன். எட்டுக் கொதிகலன்களும் ஏறத்தாழ ஏழு மைல் நீளக் குழாய்களும் அக்கூடத்துக்கு வெப்பமூட்டின. நிலக்கரியைக் கொண்டு சேர்க்க நிலத்தடியில் ஒரு சிறு தண்டவாளமே இடப்பட்டிருந்தது! ஆனால் முதல் உலகப் போர்க்காலத்தில் நிலக்கரி கிட்டவில்லை. கொதிகலன்கள் குளிர்ந்தன, வெப்பநாட்டுச் செடிகள் மடிந்தன. 1920-இல் அக்கூடத்தையே தகர்த்துவிட்டனர். பிறர் கையிலுள்ள எரிபொருளை நம்பி வாழும் தோட்டம் அது நின்ற அன்றே சாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இங்கிலாந்தில் கண்ணாடி மீதிருந்த வரி 1845-இல் நீக்கப்பட்டபின் நடுத்தரக் குடும்பத்தாரும் சிறு கண்ணாடி வீடுகளை அமைக்கலாயினர். அவற்றின் இயல்பு எளியது. பகலில் வெயில் கண்ணாடி வழியே புகுந்து மண்ணைச் சூடாக்கும். சூடேறிய காற்று வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். இரவில் அச்சூடு மெல்லக் கசிந்துவிடும். அதனை ஈடுசெய்ய மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றினர். சிக்கனம் அறிந்தோர் நீர் நிரம்பிய கரிய பீப்பாய்களை உள்ளே வைத்தனர். பகலில் நீர் வாங்கிக்கொண்ட சூட்டை இரவில் அதுவே திருப்பித் தரும்.

நம் நாட்டிலும் அத்தகைய குளிருக்கு அஞ்சும் இடம் உண்டு. கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1820-களில் உதகமண்டலத்தில் குடியேறி, உருளைக்கிழங்கு முதலானவற்றைப் பயிரிடச் செய்தார். நாம் இன்றும் ‘இங்கிலீஷ் காய்கறி’ என்று வழங்கும் காய்கள் மலையில் வேரூன்றிய கதை இவ்வாறு தொடங்குகிறது. 1840-களின் தொடக்கத்தில் அங்கிருந்த ஐரோப்பியர் தலைக்கு மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தி, பொதுக் காய்கறித் தோட்டம் ஒன்றை நடத்தினர். அது நிலைக்கவில்லை. பின்னர் கியூ தோட்டத்தில் பயின்ற மக்கைவர் 1848-இல் வந்து அமைத்ததே இன்று நாம் குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டும் தாவரவியல் பூங்கா. சந்தாதாரர் கறிக்குக் கண்ட கனவு பூங்காவாக முடிந்தது. சங்கம் நடத்துவோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம்: காசு கொடுப்போர் பலராயினும், மண்ணில் கை வைப்போர் சிலரேனும் வேண்டும்.

இனி நம் கொல்லைக்கு வருவோம். நமக்கு வேண்டுவது கண்ணாடியன்று, நிழல். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியில் பூ உதிர்ந்து, பிஞ்சு பிடிப்பது குறையும். நமக்கு மேற்கே சுமார் 700 மீட்டர் உயரத்திலுள்ள மதனப்பள்ளி தக்காளிச் சந்தைக்குப் பெயர் பெற்றதற்கு அவ்வுயரத்தின் தண்மையும் ஒரு காரணம். நாமோ ஆடிப்பட்டம் தேடி விதைப்பதையும், கோடையில் கீற்றோ நிழல்வலையோ கட்டுவதையும், புடலும் பீர்க்கும் ஏறிய பந்தலின் கீழ்க் கீரை தெளிப்பதையும் கொண்டே வெப்பத்தை ஆளுகிறோம். அங்கு நெருப்பு செய்ததை இங்கு ஒரு கொடி செய்கிறது. அதற்கு நிலக்கரி வேண்டுவதில்லை.

பசி வந்த காலங்களிலெல்லாம் உலகம் கண்ணாடி மாளிகையை விட்டுக் கொல்லைப்புறத்தையே நாடியது. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்து அரசு புல்வெளிகளைக் கொத்திக் காய்கறி பயிரிடுமாறு மக்களை வேண்டியது. 1943-இல் வங்கப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்டது. நம் நாட்டிலும் ‘அதிக உணவு விளைவிப்போம்’ என்னும் இயக்கம் நடந்தது. 1965-ஆம் ஆண்டுப் போரின்போது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு மக்களைக் கேட்டார். தம் இல்லத்துப் புல்தரையையும் உழுது பயிரிட்டார். 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்த அதே சாஸ்திரிதான் அவர். சொல்லியதைத் தம் வீட்டில் முதலில் செய்தமையால் நாடு அவர் சொற்கேட்டது.

விளைவித்தால் மட்டும் போதுமா? பூச்சி பங்கு கேட்குமே! முன்னோர் சாம்பல் தூவினர். புகையிலைக் கஷாயம் தெளித்தனர். 1939-இல் பால் முல்லர் என்னும் சுவிஸ் நாட்டவர் டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் திறனைக் கண்டறிந்து, 1948-இல் நோபல் பரிசும் பெற்றார். அம்மருந்து மலேரியாவிலிருந்து பல உயிர்களைக் காத்தது மெய்யே. ஆனால் மண்ணிலும் மீனிலும் பறவையிலும் அது தங்கிச் சேர்வதை 1962-இல் ரேச்சல் கார்சன் உலகறிய எடுத்துரைத்தார். நம் நாட்டில் 1989-இல் உழவுக்கு அது விலக்கப்பட்டது.

இதில் எமக்கும் ஒரு பாடம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அவரையில் அசுவினி மொய்த்தது கண்டு பொறுமை இழந்து, கடையில் கிடைத்த மருந்தை அளவுக்கு மிஞ்சி அடித்தோம். மூன்றே நாளில் செடி தூய்மையாயிற்று. மூன்றே வாரத்தில் அசுவினி முன்னிலும் பெருகிற்று. அதனைத் தின்று வந்த பொறிவண்டுகளைத்தான் காணோம். காவற்காரரைக் கொன்றுவிட்டுக் கள்வரைக் குறை கூறினோம்! அவ்வாரங்களில் அச்செடியின் காயை வீட்டிலுள்ளோர்க்கு உண்ணக் கொடுக்கவும் மனம் துணியவில்லை. தானே விளைவித்ததைத் தன் பிள்ளைக்குத் தர அஞ்சும் நிலையினும் இரங்கத்தக்கது வேறு யாது?

காவற்காரரை வரவேற்றோர் வென்றனர். 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றிப் பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் பாழாக்கியது. மருந்தால் அடங்காத அப்பூச்சியை, 2010-இல் அயல்நாட்டிலிருந்து தருவித்து விட்ட மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் அடக்கின. நம் கொல்லைக்கு அத்துணை முயற்சியும் வேண்டா. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் அசுவினியும் இலை தின்னும் புழுக்களும் குறையும். கத்தரியின் தண்டிலும் காயிலும் துளைத்துப் புகுந்த புழுவுக்கோ, வாடிய நுனியையும் துளைபட்ட காயையும் அன்றன்றே கிள்ளி அழிப்பதே மருந்து.

அன்பர்களே! காலனிகளில் கொல்லைப்புறங்கள் சிமென்ட் தளமாகி வருகின்றன. மாடிக் குடியிருப்பில் பிறந்த குழந்தை அவரைப் பூவின் நிறம் அறியாது. மாற்றல் உத்தரவு வந்தால் நாம் பெட்டி படுக்கையைக் கட்டுகிறோம். முருங்கையைக் கட்ட இயலாது. நாம் நட்டதை அடுத்து வருபவர் உண்பார். நாம் உண்டதும் எவரோ நட்டதே. ஆகலின் புறப்படுவோர் ஒரு கைப்பிடி விதையைச் சங்கத்தில் கொடுத்துச் செல்க. புதிதாய் வருவோர் அதனைப் பெற்றுச் செல்க. கோமகனின் கண்ணாடிக் கூடம் நிலக்கரி நின்றதும் அழிந்தது. கை மாறும் விதைக்கு அவ்வழிவு இல்லை.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!