கண்ணகி கதையும் கல்விக்கூடமும்

இளையோர் இன்ன நூலைக் கற்றல் தகும், இன்ன நூலைக் கற்றல் தகாது என்னும் வழக்கு மிகப் பழையது. யவன தேசத்துப் பிளேட்டோ, தாம் வகுத்த குடியரசிலே ஓமரின் காவியப் பகுதிகள் சில இளைஞர் செவிக்கு எட்டலாகாதென விலக்கினார். தமிழகத்திலே, சோழ மன்னன் சமண காவியமாகிய சீவகசிந்தாமணியிலே திளைத்திருந்தமை கண்டு வருந்திய சேக்கிழார், அவன் உள்ளத்தைத் திருப்புதற்பொருட்டே திருத்தொண்டர் புராணத்தை இயற்றினார் எனச் சேக்கிழார் புராணம் கூறும். அவ்வரலாறு எத்துணை உண்மையாயினும் ஆகுக. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பல்லாண்டு பாடங்கேட்ட உ. வே. சாமிநாதையரே, 1880இற் சேலம் இராமசுவாமி முதலியார் வினவும்வரை சிந்தாமணியைக் கற்றிலர் என்பது அவர்தம் வாக்கினாலேயே தெரிகின்றது. பின்னர் அவர் கும்பகோணத்துச் சமணரிடஞ் சென்று ஐயந்தெளிந்து, 1887இல் அந்நூலைப் பதிப்பித்தார். இரண்டாண்டு கழித்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை மற்றொரு சமண காவியமாகிய சூளாமணியை அச்சேற்றினார். சமணர் நூல்களைச் சைவர் தேடிக் காத்தமை அந்நூற்றாண்டுக்குப் பெருமை தருவதொன்று.

சிந்தாமணி பற்றிய வழக்கு ஏட்டளவில் நின்றது. கண்ணகி பற்றிய வழக்கோ கோயில் வாயில்வரை சென்றது. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் (1822-1879) ஆகமவழிப்பட்ட சைவத்தை நிலைநிறுத்த முனைந்தபோது, காடன், மாடன் முதலிய சிறுதெய்வ வழிபாட்டோடு கண்ணகி வழிபாட்டையும் சேர்த்தே கண்டித்தார். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கண்ணகி கோயில்கள் பல இராசராசேசுவரி, புவனேசுவரி முதலிய பெயர்களைப் பெற்றன. ஆனால், ஆனையிறவைக் கடந்து தெற்கே வன்னி நிலத்துட் புகுந்தால், அம்மாற்றம் அவ்வளவாக வேரூன்றவில்லை என்பது புலனாகும். முல்லைத்தீவுக்கு அணித்தாக, நந்திக்கடலின் கரையிலுள்ள வற்றாப்பளையிலே கண்ணகி இன்றும் கண்ணகி என்னும் பெயரோடேயே எழுந்தருளியிருக்கின்றாள். மதுரையை எரித்தபின் ஈழம் போந்த தேவி அங்குத் தங்கினாள் என்பது ஐதிகம். வைகாசிப் பொங்கலின்போது கடல்நீர் கொண்டு விளக்கெரித்தலை ஊரார் அறிவர். கோவலன் கூத்தும் முல்லைத்தீவிலே விடிய விடிய ஆடப்பட்டு வந்தது.

இதனால் வன்னிப் பள்ளியாசிரியர்க்கு ஓரிடர் நேர்கின்றது. சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கலாமா என்று பெரியோர் ஆராயுமுன்னரே மாணாக்கர் அக்கதையைக் கேட்டுவிடுகின்றனர். அவர்கள் கேட்ட கதையும் இளங்கோவடிகள் கதையும் ஒன்றல்ல. ஈழத்துக் கண்ணகி வழக்குரையிலே தேவி மாங்கனியிற் பிறந்து, பாண்டியனாற் பேழையில் இட்டு நீரில் விடப்படுகின்றாள். அடிகள் நூலிலோ அவள் புகார் வணிகன் மாநாய்கனின் மகள். “எது மெய்?” என்று பிள்ளைகள் வினவுவர். கோயிற் கதையைப் பொய்யென்று தள்ளுதலும், காவியத்தை மறைத்தலும் ஆசிரியர்க்கு எளியன. இரண்டனையும் அருகருகே வைத்து, ஒரு கதை பல நாட்டிற் பல வடிவெடுத்தமையை விளக்குவதே வரலாற்று நெறி. அதற்கு மேல்வகுப்பு மாணவன் போதிய அறிவுடையவனே.

சமயம் பற்றிய தடை தளர்ந்த காலத்திற் பிற தடைகள் எழுந்தன. 1943இலே சென்னையில் ரா. பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் சி. என். அண்ணாதுரை வாதிட்டு, கம்பராமாயணமும் பெரியபுராணமும் தீக்கிரையாதற்குரியன என்றார். பெரியார் ஈ. வெ. இராமசாமி சிலப்பதிகாரத்தையும் விடவில்லை, ம. பொ. சிவஞானமோ அதனையே தமிழர் பொதுநூலாகப் போற்றிச் ‘சிலம்புச் செல்வர்’ எனப் பெயர் பெற்றார்.

இத்தகைய பூசல்களுக்கு அஞ்சுவோர் கைக்கொள்ளும் வழி கத்தரித்தல். ஆங்கில நாட்டிலே தாமஸ் பௌட்லர் 1818இற் குடும்பத்தார் கூடியிருந்து படித்தற்கேற்பச் சேக்சுபியர் நாடகங்களைக் குறைத்து வெளியிட்டார். அவர் பெயரே அத்தொழிலைக் குறிக்கும் ஏளனச் சொல்லாயிற்று. சிலப்பதிகாரத்தின் முப்பது காதைகளுள் வழக்குரை காதையை மாத்திரம் தெரிந்து பாடமாக்குதல் இத்தகையதே. அரசன் பிழையுணர்ந்து உயிர்விடுகின்றான், நீதி நிலைபெறுகின்றது, பாடமும் முடிகின்றது. அடுத்துள்ள வஞ்சின மாலையிலே, கண்ணகி தன் இடக்கொங்கையைத் திருகி எறிந்து நகரை எரிக்கும் இடம் வகுப்புக்கு ஒவ்வாதெனக் கருதப்படுகின்றது. ஆனால் அவ்விடத்திலேதான், யாவர் பிழைத்தற்குரியர் என அங்கியங்கடவுள் வினவுகின்றான். அறவோர், பத்தினிப்பெண்டிர், மூத்தோர், குழவிகள் முதலியோரைக் கைவிட்டுத் தீயோரையே சேர்க என அவள் விடைபகர்கின்றாள். சினத்தை நீக்கிய பாடநூல் அச்சினத்தின் வரம்பையும் உடன் நீக்கிவிட்டது.

இதனினும் கடிய பகுதி ஒன்றுண்டு. பொற்கொல்லன் ஒருவன் செய்த வஞ்சனைக்காக, பாண்டியனுக்குப் பின் ஆண்ட வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என நூல் கூறுகின்றது. அடிகள் அதனைப் பழித்தாரல்லர். ஒருவன் குற்றத்துக்கு ஒரு குலத்தைத் தண்டித்தல் அறமாகுமா என்று மாணாக்கர் கேட்டல் வேண்டும். கேட்டால் ஆகாதென்று கூறும் துணிவு ஆசிரியர்க்கு வேண்டும். பழைய நூலைப் போற்றுதல் அதன் ஒவ்வோரடிக்கும் உடன்படுதல் ஆகாது. அப்பகுதியை ஒளித்துவைத்தால் அவ்வினா எழுதற்கே இடமில்லை; பின்னொருநாள் நூலைத் தானே விரித்துக் காணும் மாணவன், தன்னிடம் இன்னும் எவையெவை மறைக்கப்பட்டன என்று ஐயுறுவான்.

2009ஆம் ஆண்டு மே மாதத்திலே உள்நாட்டுப் போர் முடிவுற்றது அந்நந்திக்கடலின் கரையிலேதான். பின்னர் மீள்குடியேறிய மக்கள் வற்றாப்பளையிலே மீண்டும் பொங்கலிட்டனர். பள்ளிகளும் மீண்டும் திறக்கப்பட்டன. எரியுண்ட நகரின் கதையை அப்பிள்ளைகளுக்குக் கூறுதல் கொடிதன்றோ என இரங்குவோர் உளர். அவ்விரக்கம் இகழத்தக்கதன்று. எனினும், அவ்வகுப்புக்களிலே மூத்தோரையும் குழவிகளையும் கைவிடுக எனக் கண்ணகி தீக்கு விதிக்கும் இடம் வாசிக்கப்படும்போது, அதன் பொருளை ஆசிரியர் விரித்துரைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் நேர்வதில்லை.