எட்டிக்கெட் என்னும் ஒட்டுச்சீட்டு

ரமண நகரில் மாலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "எட்டிக்கெட், மேனர்ஸ், கர்ட்டஸி என்று வெள்ளைக்காரன் இத்தனை சொல் வைத்திருக்கிறானே, எல்லாம் ஒன்றுதானா சார்?" நடந்துகொண்டே சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. இந்தச் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலேயனுக்கே இரவல். 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து போன வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தான். அதன்பின் பல தலைமுறைகள் அங்கே அரண்மனையில் புழங்கியது பிரெஞ்சு. வயலில் உழுதவன் பேசியது ஆங்கிலம். அதனால்தான் பெரிய இடத்தில் நடந்துகொள்ளும் முறைக்கான சொற்கள் பிரெஞ்சு வழியாக வந்தன. புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த எனக்கு இவை பழைய பள்ளித் தோழர்கள் மாதிரி.

பிரெஞ்சில் 'மேன்' என்றால் கை. அதன் வழி வந்தது மேனர்ஸ். கையாளும் விதம் என்று கொள்ளலாம். 'கூர்' என்றால் அரசவை. அதிலிருந்து கர்ட்டஸி. நாம் வழக்குக்காக ஏறி இறங்கும் கோர்ட்டும் அதே சொல்தான். பொலைட் என்பது லத்தீனில் 'மெருகேற்றிய' என்று பொருள்படும். செருப்புக்குப் போடுகிறோமே பாலிஷ், அதற்குச் சொந்தம்.

எட்டிக்கெட் இன்னும் சுவாரஸ்யம். எங்கள் பள்ளியில் 'எத்திக்கேத்' என்றால் நோட்டுப் புத்தகத்தின் மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டு. இன்றும் பிரெஞ்சில் அதற்கு அந்தப் பொருள் உண்டு. அரசவையில் யார் எங்கே நிற்பது, எப்போது வணங்குவது என்று எழுதிக் கொடுத்த சீட்டிலிருந்து 'நடைமுறை' என்ற பொருள் வந்தது என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். வெர்சாய் தோட்டத்தில் 'புல்லை மிதிக்காதே' என்று பலகை வைத்த கதை ஒன்று சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. 1750 வாக்கில் செஸ்டர்ஃபீல்டு பிரபு மகனுக்கு எழுதிய கடிதங்களில் இந்தச் சொல் ஆங்கிலத்தில் தலைகாட்டுகிறது. பஸ்ஸில் வாங்கும் டிக்கெட் இதன் உடன்பிறப்பு. அது இங்கிலாந்துக்கு முன்பே போய்விட்டது.

அரசாங்க ஆபீஸில் அடிக்கடி காதில் விழும் புரோட்டோகால் கிரேக்கச் சொல். பாப்பிரஸ் சுருளின் முகப்பில் பசை போட்டு ஒட்டிய முதல் தாள் என்று அர்த்தம். ஆக, ஒன்று சீட்டு, ஒன்று பசை, ஒன்று மெருகு. எல்லாமே மேலே பூசுவதும் ஒட்டுவதும்!

நம் சொற்களைப் பாருங்கள். ஒழுக்கம் 'ஒழுகு' என்பதிலிருந்து வந்தது; நீர் ஓடுவது போல இயல்பாக நடப்பது. இங்கிதம் வடசொல்; குறிப்பு என்று பொருள். எதிரில் இருப்பவர் வாய் திறக்குமுன் அவர் மனக்குறிப்பை அறிவதுதான் இங்கிதம். நாகரிகம் நகரத்தோடு தொடர்புடைய சொல்லானாலும், கண்ணோட்டம் என்ற 58-ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் அதை உடைக்கும் உணவு மேசைக்கும் சொல்லவில்லை. பழகியவர் மனம் நோகாமல் நடக்கும் தன்மைக்குச் சொல்கிறார்.

இதனால் நாம் உயர்ந்தவர்கள் என்று மார்தட்ட வேண்டாம். மரியாதை என்றால் வடமொழியில் எல்லை, கரை. அந்தச் சொல்லை வைத்துத்தான் கோயிலில் பரிவட்டத்துக்கும் முதல் மரியாதைக்கும் கோர்ட் வரை போகிறோம். ஒட்டுச்சீட்டு நம்மிடமும் உண்டு.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் அதிகாரி வந்தால் எந்த நாற்காலி, யார் பக்கத்தில் என்று தாளில் எழுதி வைப்போம். மனுவோடு வரும் கிழவிக்கு அந்தத் தாளில் இடமில்லை. மூத்த எழுத்தர் ஒருவர் மட்டும் அப்படி யாராவது வந்தால் எழுந்து, தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்துவிட்டு நின்றபடி மனுவைப் படிப்பார். அதற்கு எந்த விதியும் இல்லை.

ரமணாசிரமத்து அடியார்களின் நினைவுக் குறிப்புகளில் ஒரு சம்பவம் உண்டு. சம்மணம் போட முடியாத வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் ஹாலில் பகவானை நோக்கிக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அது மரியாதையில்லை என்று ஒருவர் சொல்ல, அவர் காலை மடக்கிக்கொண்டார். முழங்கால் வலியால் தானும் கால் நீட்டியிருந்த பகவான், அந்த விதி தனக்கும் உண்டே என்று தம் காலையும் மடக்கிக்கொண்டாராம். விதியைக் குறை சொல்லவில்லை, சொன்னவரைக் கடியவில்லை. வந்தவர் வலியில் பங்கு மட்டும் எடுத்துக்கொண்டார். இங்கிதம் என்பதற்கு இதைவிட நல்ல அகராதி எனக்குத் தெரியாது.

மார்கழி வந்தால் செங்கம் சாலை முழுக்க வெளிநாட்டார்தான். செருப்போடு நுழைபவரும் இருப்பார், கால் நீட்டுபவரும் இருப்பார். நம் முறையை அவர்களுக்குச் சொல்ல வேண்டியதுதான். பத்துப் பேர் திரும்பிப் பார்க்க அதட்டாமல், பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்லலாமே.