கூஃபாவின் துணிக்கடையும் இமாமின் நாட்களும்

ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் நம் குடும்பங்களில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பெயரைக் கேளாதவர் எவருமிலர். உளூவிலிருந்து ஜனாஸாவரை எந்த மஸ்அலாவைக் கேட்டாலும் அன்னாரின் கருத்தே முதலில் சொல்லப்படுகிறது. அத்தகைய இமாம் துணி வணிகம் செய்து தம் சொந்த வருவாயில் வாழ்ந்தவர்கள் என்பதை நாம் ஒரு சிறு குறிப்பாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஓதப் போகிறாயா, கடையைப் பார்த்துக்கொள்கிறாயா என்று நம் பிள்ளைகளிடம் கேட்கும் முன், அந்தக் கடையை ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

இமாம் அவர்கள் ஹிஜ்ரி 80இல் (கி.பி. 699) இராக்கிலுள்ள கூஃபா நகரில் வணிகக் குடும்பத்தில் பிறந்தார்கள். இளமையில் கடைத்தெருவே அன்னாரின் உலகமாக இருந்தது. ஒருநாள் அவ்வழியே சென்றபோது இமாம் ஷஅபீ (ரஹ்) அவர்கள் அழைத்து, யாரிடம் போய் வருகிறீர் என வினவினார்கள். சந்தைக்குப் போவதாக இளைஞர் விடையளித்தார். தாம் கேட்டது எந்த ஆலிமிடம் என்பதையே என்று கூறிய ஷஅபீ அவர்கள், கல்வியின்பால் கவனம் செலுத்துமாறு அறிவுறுத்தினார்கள். அச்சொல் உள்ளத்தில் தைத்தது. பின்னர் ஹம்மாத் இப்னு அபீ சுலைமான் (ரஹ்) அவர்களிடம், அவர்கள் ஹிஜ்ரி 120இல் மறையும்வரை, 18 ஆண்டுகள் பயின்றார்கள். ஆயினும் கடையை மூடவில்லை. பட்டும் கம்பளியும் கலந்து நெய்த ‘கஸ்’ எனும் துணியை விற்ற அக்கடை, அம்ரு இப்னு ஹுரைஸ் (ரலி) அவர்களின் இல்ல வளாகத்தில் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர்.

அன்னாரின் வாரம் எவ்வாறு கழிந்தது என்பதை மாணவர் ஒருவர் சொல்லிச் சென்றிருக்கிறார். முற்பகலில் தொடங்கி நண்பகல்வரை கடைவீதியில் இருப்பார்கள். சனிக்கிழமை கடைக்கும் செல்வதில்லை, பாட மஜ்லிஸுக்கும் வருவதில்லை. அந்நாள் வீட்டுக் காரியங்களுக்கும் சொத்துகளைக் கவனிப்பதற்கும் உரியது. வெள்ளிக்கிழமை தோழர்களை இல்லத்திற்கு அழைத்துப் பலவகை உணவு சமைத்து விருந்தளிப்பார்கள். ஏனைய பொழுதெல்லாம் கல்விக்கும் வணக்கத்திற்கும் உரியதாயிருந்தது.

இமாம் அவர்களின் மகிழ்ச்சிகளும் எளிமையானவை. நல்ல ஆடை அணிவதை விரும்பினார்கள். நறுமணத்தை மிக நேசித்தார்கள். ஆள் வருமுன் அத்தர் மணம் வந்துவிடுமாம். மஜ்லிஸுக்குக் கந்தலான ஆடையில் வந்த ஒருவரை இருக்கச் சொல்லி, எல்லோரும் சென்றபின் தொழுகை விரிப்பின் அடியிலிருந்த 1,000 திர்ஹத்தை எடுத்துக்கொண்டு தம் நிலையைச் சீராக்கிக்கொள்ளுமாறு கூறினார்கள். அவரோ தாம் வசதி படைத்தவர் என்றார். அப்படியானால், அல்லாஹ் அளித்த அருட்கொடையின் அடையாளம் உம்மிடம் தெரிய வேண்டாமா என்று இமாம் அவர்கள் கண்டித்தார்கள்.

கடைக்குள் நிகழ்ந்தவையே நமக்குப் பெரும் பாடம். ஒரு பெண்மணி பட்டாடையொன்றைக் கொணர்ந்து 100 திர்ஹம் விலை சொன்னார். அது அதைவிட மேலானது என்றார்கள் இமாம். அவர் நூறு நூறாக உயர்த்தி 400வரை வந்தும் அதே பதில். கேலி செய்கிறீர்களா என்று அவர் கேட்கவே, விலை மதிக்க ஒருவரை அழைத்துவரச் சொல்லி, இறுதியில் 500 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். மற்றொரு முறை ஒரு மூதாட்டி, தமக்கு அடக்க விலைக்கே ஒரு துணி தரும்படி வேண்டினார். நான்கு திர்ஹம் என்றார்கள். ஏழைக் கிழவியைப் பரிகசிக்கலாமா என்று அவர் கேட்டார். இரண்டு துணிகள் வாங்கியதாகவும், ஒன்றை விற்றதிலேயே மொத்த முதலில் நான்கு திர்ஹம் நீங்கலாக மீதி திரும்பிவிட்டதாகவும் இமாம் அவர்கள் விளக்கினார்கள்.

கூட்டாளி ஹஃப்ஸ் இப்னு அப்திர் ரஹ்மானிடம் சரக்கை ஒப்படைத்தபோது, அதில் ஒரு துணியில் குறை இருப்பதைச் சொல்லி விற்குமாறு பணித்திருந்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அச்சரக்கின் விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள்.

இந்த அனுபவத்தின் சாயல் ஃபிக்ஹிலும் தெரிகிறது. முன்பணம் கொடுத்துச் சரக்கைப் பின்னர் பெறும் ‘ஸலம்’ வணிகத்திற்கு இமாம் அவர்கள் ஏழு நிபந்தனைகள் விதித்தார்கள்: பொருள், அதன் வகை, தரம், அளவு, தவணை, முன்பணத்தின் அளவு, ஒப்படைக்கும் இடம். இறுதி இரண்டும் கட்டாயமில்லை என்று அன்னாரின் மாணவர்களே கருத்து வேறுபட்டனர். துணியாயின் நீளம், அகலம், நெசவின் தரம் கூறப்பட வேண்டும். பட்டாயின் எடையும் சொல்லப்பட வேண்டும் என்கின்றன ஹனஃபி நூல்கள். வாங்குபவரும் விற்பவரும் எங்கே சச்சரவிடுவர் என்பதைக் கடையில் அமர்ந்தவர் நன்கறிவார் அன்றோ!

ஆண்டின் இலாபத்தைச் சேர்த்து ஆலிம்களுக்கு உணவும் உடையும் வாங்கித் தருவார்கள். தம் பொருளில் எதையும் தரவில்லை, அல்லாஹ்வுக்கே நன்றி கூறுங்கள் என்பார்கள். வறுமையால் படிப்பை விடவிருந்த மாணவர் அபூயூசுஃபிடம் 100 திர்ஹம் கொடுத்து, தீர்ந்ததும் சொல்லச் சொன்னார்கள். அம்மாணவரே பின்னாளில் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியானார்.

ஆனால் இமாம் அவர்கள் தமக்கு அப்பதவியை ஏற்கவில்லை. உமைய்யாக்களின் ஆளுநர் இப்னு ஹுபைரா வற்புறுத்தியபோது மறுத்துச் சாட்டையடி பட்டார்கள். அப்பாஸிய கலீஃபா மன்சூர் காழி பதவியை அளித்தபோதும் மறுத்துச் சிறை சென்றார்கள். ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) பக்தாதில் வஃபாத்தானார்கள். இந்த உறுதி இறையச்சத்தில் பிறந்தது. எனினும் ஆட்சியாளரின் மானியத்தை எதிர்பாராமல் வாழ அக்கடை துணைநின்றதையும் மறுப்பதற்கில்லை. பிறர் கையை நோக்கியிருப்பவரின் நாவு எளிதில் தடுமாறிவிடும்.

நம்மில் எத்தனையோ குடும்பங்கள் துணிக்கடையால் வாழ்கின்றன. சாயம் போகும் துணியை மேலாக அடுக்கிக் காட்டி விற்கும் நேரத்தில், தம் கூட்டாளி மறந்துவிட்ட ஒரு வார்த்தைக்காகச் சரக்கின் முழு விலையையும் துறந்த அம்மனிதரை நாம் நினைவுகூர வேண்டும். மத்ஹபைப் பள்ளிவாசலில் மட்டும் பின்பற்றிவிட்டுக் கடைவாசலில் கழற்றிவைப்பது நமக்குத் தகுமா?

ஹலாலான தேட்டத்தையும், அதில் பரக்கத்தையும், உண்மை உரைக்கும் துணிவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.