மின்தடையும் மின்திறனும்: ஓம் விதி, ஜூல் விதி

ஒரு கடத்தியின் இரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தையும் அதில் பாயும் மின்னோட்டத்தையும் அளந்துவிட்டால், அதன் மின்தடையையும் மின்திறனையும் கணக்கிட்டுவிடலாம். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை, ஓமில் கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் திறன், வாட்டில் கிடைக்கும். 230 வோல்ட் இணைப்பில் 4.35 ஆம்பியர் இழுக்கும் இஸ்திரிப்பெட்டியின் தடை சுமார் 53 ஓம், திறன் 1,000 வாட். பள்ளிப் பிள்ளைகள் போடும் இந்தக் கணக்கு இன்றைய வடிவத்துக்கு வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வகுப்பதும் பெருக்குவதும் சிரமமில்லை. வகுக்கவும் பெருக்கவும் நம்பகமான எண்கள் வேண்டும். அவற்றைப் பெறுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் 1781இலேயே அழுத்தத்தையும் ஓட்டத்தையும் இணைக்கும் விதியை நெருங்கிவிட்டார். ஓட்டத்தை அளக்கக் கருவி இல்லாத காலம் அது. உப்புநீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களின் வழியே மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் லெய்டன் சாடியின் மின்சாரத்தைத் தம் உடலில் பாயவிட்டு, எந்த அதிர்ச்சி வலுவானது என்று ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் குறிப்புகளை வெளியிடாமலே வைத்திருந்தார். இயற்பியலாளர் மாக்ஸ்வெல் அவற்றைப் பதிப்பித்தது 1879இல்தான். அதற்குள் பெருமை வேறொருவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அவர் ஜார்ஜ் சைமன் ஓம் (1789–1854). எர்லாங்கன் நகரத்துப் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியர். மின்னோட்டம் காந்த ஊசியை அசைக்கும் என்பது 1820இல் தெரியவந்ததால், ஓட்டத்தை அளக்க அவருக்கு ஒரு வழி கிடைத்தது. ஆனால் 1825இல் அவர் வெளியிட்ட முதல் சூத்திரம் தவறானது. மின்கலத்தின் வலு பரிசோதனையின் நடுவிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. மூலமே நிலையாக இல்லாதபோது கம்பியின் தன்மையை எப்படி அளப்பது? இயற்பியலாளர் பொகென்டார்ஃப் கொடுத்த யோசனைப்படி ஓம் மின்கலத்தை விட்டுவிட்டு வெப்பமின் இரட்டைக்கு மாறினார். பிஸ்மத்தும் செம்பும் சேரும் ஒரு முனை கொதிநீரில், மற்றது பனிக்கட்டியில். இரண்டு வெப்பநிலைகளும் மாறாதவை என்பதால், ஓட்டத்தைச் செலுத்தும் மின் உந்தமும் மாறவில்லை. இந்த வரலாறு முழுவதிலும் மிக முக்கியமான அடி இந்த மாற்றம்தான் என்று சொல்லலாம்.

2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குல நீளத்தில் எட்டுச் செம்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துப் பார்த்தார். ஊசி ஒதுங்கும்போதெல்லாம், அது தொங்கும் இழையை மேலே முறுக்கிப் பழைய இடத்துக்கே கொண்டுவருவார். முறுக்கிய கோணமே ஓட்டத்தின் அளவு. கிடைத்த எண்கள் எளிய ஒரு சூத்திரத்துக்குள் அடங்கின: ஒரு மாறிலியை, கம்பியின் நீளத்தோடு இன்னொரு மாறிலியைக் கூட்டி வரும் தொகையால் வகுத்தால் ஓட்டம். சுடுமுனையின் வெப்பநிலையைக் குறைத்தபோது முதல் மாறிலி மட்டும் குறைந்தது. அது மூலத்தின் உந்தம். மாறாமல் நின்ற இரண்டாவது, கம்பி தவிர்த்த மற்றச் சுற்றின் தடை. மின்மூலத்துக்கும் தடை உண்டு என்பதை இந்த விதி தொடக்கத்திலேயே உள்ளடக்கியிருந்தது.

1827இல் பெர்லினில் வெளிவந்த ஓமின் நூலுக்குக் கடுமையான எதிர்ப்பும் இருந்தது. அவர் எதிர்பார்த்த பல்கலைக்கழகப் பதவி கிட்டவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் காப்ளி பதக்கம் அளித்த பிறகே உரிய மதிப்பு வந்தது. மியூனிக்கில் முழுப் பேராசிரியர் ஆனது 1852இல், இறப்பதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்.

திறனின் கதை இங்கிலாந்தில், மதுவடிப்பாலைக் குடும்பத்து இளைஞர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூலின் வீட்டு ஆய்வகத்தில் தொடங்குகிறது. 1840இல் அவர் கம்பிச் சுருளை நீருள்ள சாடியில் அமிழ்த்தி, மின்சாரம் பாய்ச்சி, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று வெப்பமானியில் பார்த்தார். தடை இருமடங்கானால் வெப்பமும் இருமடங்கு. ஓட்டம் இருமடங்கானாலோ வெப்பம் நான்கு மடங்கு. ரஷ்யாவில் இயற்பியலாளர் லென்ஸும் தனியே இதே முடிவுக்கு 1842இல் வந்தார். ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கும் இந்த விதியோடு ஓம் விதியைச் சேர்த்தால், அழுத்தம் பெருக்கல் ஓட்டம் என்று சுருங்கிவிடும்.

விதிகள் வந்தும் அலகுகள் வரவில்லை. தடையை ஒருவர் செம்புக் கம்பியின் அடியிலும் மற்றொருவர் வேறு கம்பியின் மைலிலும் சொல்லிவந்தனர். தந்தித் துறைக்கு இது பெரிய தொல்லை. கடலடிக் கம்பி எங்கோ பழுதானால், கரையிலிருந்தே தடையை அளந்து, மைலுக்கு இவ்வளவு என்ற கணக்கில் வகுத்துத்தான் பழுது எவ்வளவு தொலைவில் என்று கண்டார்கள். வெர்னர் சீமென்ஸ் 1860இல் ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் கொண்ட பாதரசத் தம்பத்தை அலகாக முன்வைத்தார். ஓம், வோல்ட், ஆம்பியர் மூன்றையும் 1881 பாரிஸ் மாநாடு ஏற்றது. வாட் என்ற அலகை 1882இல் முன்மொழிந்தவர் வெர்னரின் தம்பி வில்லியம் சீமென்ஸ். 1889இல் அதுவும் ஏற்கப்பட்டது.

அதே 1882இல் எடிசன் நியூயார்க்கில் மின் வழங்கலைத் தொடங்கினார். மின்விளக்குக்குத் தடை மிகுந்த இழையை அவர் தேடியதற்குக் காரணம் ஜூல் விதிதான்: இழையின் தடை கூடினால் ஓட்டம் குறையும், தெருவெல்லாம் போகும் செம்புக் கம்பியில் வீணாகும் வெப்பமும் குறையும். அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே திறனை அதே கம்பியில் அனுப்பும்போது இழப்பு நூறில் ஒரு பங்காகிறது. தமிழகத்தின் 230, 400 கிலோவோல்ட் தடங்கள் இருப்பது இதனால்தான்.

இக்கணக்குக்கு எல்லைகள் உண்டு. 60 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் தடை சுமார் 880 ஓம். அணைத்து ஆறவைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் பத்தில் ஒரு பங்குகூட இராது. சூடேறினால் டங்ஸ்டன் இழையின் தடை ஏறுவதே காரணம். மாறுமின்னோட்டத்தில் ஓடும் மோட்டார்களில் அழுத்தமும் ஓட்டமும் ஒரே நேரத்தில் உச்சம் தொடுவதில்லை. ஆகவே வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி வருவது உண்மையான வாட்டைவிடக் கூடுதலாக இருக்கும். மின்மாற்றியின் கொள்ளளவு கிலோவாட்டில் இல்லாமல் கிலோவோல்ட்-ஆம்பியரில் குறிக்கப்படுவது இந்த வேறுபாட்டால்தான்.