கல் நாட்டியவரும் கல் உடைத்தவரும்

பாலம் திறக்கப்படுகிறது! பந்தல் எழுகிறது, மாலை விழுகிறது, பளிங்குக் கல்லிலே பெயர் பொறிக்கப்படுகிறது. மறுநாள் பந்தல் பிரிக்கப்படுகிறது. அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகள், மழைதோறும் அந்தப் பாலத்தின் கண்களை அடைக்கும் சேற்றையும் செடியையும் அகற்றப் போகிறவன் யார்? அவன் பெயர் எந்தக் கல்லிலே இருக்கிறது?

பொன்னேரிக்குக் கிழக்கே, ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் பழவேற்காட்டையும் எண்ணூரையும் இணைக்கும் நீர்ப்பரப்பு என, இடையே கிடக்கும் மணல்திட்டில் இருக்கிறது காட்டுப்பள்ளி. 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் 2013இல் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இயங்கத் தொடங்கிய பின்னர், கப்பல்காரர் அறிந்த பெயராகிவிட்டது அது. அதற்கு முன்னோ, அந்தப் பகுதியில் வழி என்றால் பெரிதும் நீர்வழிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காக்ரேன் என்ற வெள்ளையர் பெயரால் வெட்டப்பட்ட கால்வாய், சென்னையையும் எண்ணூரையும் இணைத்தது. உப்பும் விறகும் அதில் படகேறி வந்தன. தாது வருடப் பஞ்சத்தை ஒட்டி, 1877–78இல், பசித்த மக்களைக் கூலிக்கு அமர்த்திக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினர். வெட்டியவை எலும்பும் தோலுமான கைகள். கால்வாய்க்கு வந்த பெயரோ, ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர்! பெயர் நிலைத்தது, பராமரிப்பு நிலைக்கவில்லை. தூர் சேர்ந்தது, புயல் கரையைச் சிதைத்தது, படகுகள் மறைந்தன. அமைத்ததைப் பேணாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்போர், அந்தக் கரையில் சிறிது தொலைவு நடந்து வரலாம்.

பழங்காலத்தில் சாலை இல்லையா என்று சிலர் கேட்பர். இருந்தது. இராணி மங்கம்மாள் பெயரைத் தாங்கிய சாலை இன்றும் தென்பாண்டி மக்களின் நாவில் வாழ்கிறது. சத்திரம் இருந்தது, சாவடி இருந்தது, கருவுற்ற நிலையில் மாண்ட பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நாட்டும் வழக்கமும் இருந்தது. சுமை இறக்கிய கூலியாளின் கழுத்து அந்தக் கல்லை வாழ்த்தியிருக்கும்; நாம் குறை சொல்லோம். ஆனால் கட்டியவருக்குப் 'புண்ணியம்' என்றார்களே, பழுது பார்ப்பவருக்கு என்ன என்றார்கள்? ஒன்றுமில்லை! ஆகவே கட்டுவதற்கு ஆள் கிடைத்தது. சாய்ந்த சுமைதாங்கியை நிமிர்த்த ஆளில்லை. புண்ணியத்தை நம்பிய பாதை, கட்டியவர் வள்ளன்மையோடு முடிந்தது.

சாலையைப் பேணுதல் யாரோ ஒருவரின் தயவன்று, பொதுக் கடமை என்ற நிலை வரியோடு வந்தது. 1866ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தின் மீது, ரூபாய்க்கு அரையணாவுக்கு மேற்படாமல், சாலைத் தீர்வை விதிக்க வழி செய்தது. 1871இல் உள்ளூர் நிதிச் சட்டம். 1884இல் ஜில்லா போர்டுகளையும் தாலுகா போர்டுகளையும் ஏற்படுத்திய சட்டம். தீர்வை போதாதென்று சாலையில் சுங்கமும் வாங்கினர். மாடு இழுத்தாலும் வண்டிக்காரன் அவிழ்க்க வேண்டியிருந்தது மடியை! 1931இல் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தபோது அந்தச் சுங்கம் ஒழிந்தது. (ஒழிந்தது பிறிதோர் உடையில் திரும்பி வந்ததை, நல்லூர்ச் சுங்கச்சாவடியில் நின்று நெடுஞ்சாலையைப் பார்த்தோர் அறிவர்.)

வரி அனைவருடையது, வழி அனைவருடையதாக இருந்ததா? கல் உடைத்தவன், மண் சுமந்தவன், தான் போட்ட தெருவில் நடக்கக் கூடாதென்று தடுக்கப்பட்டான்! 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச் சாலையிலும் தெருவிலும் எந்த வகுப்பாரும் நடக்கத் தடையில்லை என்று. ஆணை பிறந்தது. 1926இல், வீரையன் அவர்களின் முயற்சியால், உள்ளாட்சிச் சட்டமே அதற்கேற்பத் திருத்தப்பட்டது. சட்டம் வந்தும் பேருந்து முதலாளிகள் மசியவில்லை. ஆதித்திராவிடரை ஏற்ற மறுத்தனர். இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராயிருந்த பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார், ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் பறிக்கப்படும் என்றார். ஏற்றினர்! சாலையைப் பேணும் போர்டின் கையில் உரிமமும் இருந்ததால் அது முடிந்தது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. அன்று பொன்னேரி வட்டம் அதே செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது.

1946இல் நெடுஞ்சாலைத் துறை தனியாக அமைந்தது. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பின் ஜில்லா போர்டுகள் மறைய, சிற்றூர்ச் சாலைகள் ஊராட்சி ஒன்றியங்களின் தோளில் ஏறின. ஆகவே ஒரே ஊரில் ஒரு சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, அடுத்தது ஒன்றியத்துக்கு, மூன்றாவது ஊராட்சிக்கு. பள்ளம் மட்டும் மூன்றிலும் ஒரே மாதிரி!

சாலையின் முதற்பகைவன் தண்ணீர். ஸ்காட்லாந்து நாட்டு மெக்காடம் 200 ஆண்டுகளுக்கு முன்பே சொன்னார்: அடிமண்ணை உலர்ந்ததாக வைத்திருங்கள், சாலை நிற்கும். நடுவே முதுகு உயர்ந்து இருபுறமும் சரிந்திருப்பதும், ஓரத்தில் வடிகால் வெட்டுவதும் அதற்காகவே. வடிகால் தூர்ந்தால் தாருக்கடியில் நீர் இறங்கும், விரிசல் விழும், சக்கரம் அதைப் பள்ளமாக்கும். கொசஸ்தலை ஆறும் ஆரணி ஆறும் பெருகும் வடகிழக்குப் பருவமழையில், தரைப்பாலம் மூழ்கி ஊர் துண்டாவதைத் திருவள்ளூர் மாவட்டம் பலமுறை கண்டது.

இரண்டாம் பகைவன் பாரம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலை அமைத்து, லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தனர். அச்சின் மேலுள்ள பாரம் இரு மடங்கானால், சாலைக்கு நேரும் தேய்வு ஏறத்தாழப் பதினாறு மடங்கு என்று கண்டனர்! மிதிவண்டியில் மீன்கூடை வைத்துப் போகிறவர் சாலையைத் தேய்ப்பதில்லை. சரக்குப்பெட்டி ஏற்றிய லாரி தேய்க்கிறது. துறைமுகத்துக்கென்று எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை, 130 கிலோமீட்டருக்கு மேல், எல்லைச் சாலை வகுத்தனர். வேண்டியதுதான். ஆனால் அந்த லாரி குறுக்கு வழி தேடி ஒன்றியச் சாலையில் இறங்கும் நாளில், பதினாறு மடங்கின் கணக்கை யார் தீர்ப்பது? ஒன்றியமா?

தேய்ந்ததைச் சீர்செய்யக் கை வேண்டும். 1997இல் நெடுஞ்சாலைத் துறை ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளரை அமர்த்தியது. முட்செடி வெட்ட, வடிகால் தோண்ட, பாலத்தின் கண்ணைத் திறக்க, பள்ளத்தைச் சதுரமாக வெட்டித் தாரும் ஜல்லியும் இட்டு நிரப்ப. 2002 செப்டம்பரில் அவ்வளவு பேரும் ஒரே ஆணையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். மழை மட்டும் விடுப்பு எடுக்கவில்லை! 2006இல் அவர்கள் மீண்டும் சேர்க்கப்பட்டனர். இடையே கழிந்த 41 மாதங்களைப் பணிக்காலமாக ஏற்க வேண்டுமென்று, வேலைக்குத் திரும்பிய பின்னும் ஆண்டுக்கணக்கில் போராடினர். மண்வெட்டியைச் சாலையோரம் சாத்திவிட்டு வந்து ஊர்வலத்தில் நின்றவர்கள், ஊர்வலம் முடிந்ததும் மறுபடி வடிகாலுக்குத்தான் போனார்கள்.